அரசன் எழுந்து போன ஆசனம்

அராஜகம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம், கடைத்தெருவில் கல் விழுவதும், கதவுகள் அடைபடுவதும், கேட்பாரற்ற கொள்ளை நடப்பதுமேயாகும். பத்திரிகைகளும் அந்தச் சொல்லை அந்தப் பொருளிலேயே ஆண்டு வருகின்றன. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை; வால்மீகியின் அயோத்தியா காண்டத்திலேயே, தசரதன் மறைந்த பின் விடியற்காலையில் சபை கூடிய பெரியோர்கள், அரசனற்ற நாட்டில் மழை பொய்க்கும், பிள்ளைகள் பெற்றோருக்கு அடங்கமாட்டார்கள், வணிகர்கள் வழி நடக்க அஞ்சுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், தாமதமின்றி ஒருவனுக்கு முடிசூட்டவேண்டுமென்று வசிஷ்டரை வேண்டிக்கொள்ளுகிறார்கள். ஆனால் மகாபாரதத்துச் சாந்தி பர்வத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமபுத்திரனுக்கு வேறொரு கதையும் சொல்லுகிறார்: யுகாரம்பத்தில் மக்கள் ஆள்வோனும் தண்டமும் இன்றியே ஒருவரையொருவர் காத்துக்கொண்டு வாழ்ந்தார்களென்றும், பின்னர் மோகமும் லோபமும் நெஞ்சில் புகுந்த பிறகே அரசன் என்றொருவன் வேண்டியதாயிற்று என்றும் அவர் கூறுகிறார்.

நமது ராஜநீதி நூல்கள் அந்தக் கதையின் பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முன்பாதியை, பீஷ்மரை அறியாமலே, மேல்நாட்டு நாவலாசிரியர் சிலர் எடுத்துக்கொண்டார்கள். பழம்பெரும் பொற்காலத்தைப் பின்னாலிருந்து பெயர்த்து முன்னால் நட்டு, இன்னும் நூறு ஆண்டுகளிலோ ஆயிரம் ஆண்டுகளிலோ, இவ்வுலகிலோ வேறொரு கிரகத்திலோ, ஆளும் கூட்டமென்று ஒன்றில்லாத மக்கள் எப்படி உண்பார்கள், எப்படி உழைப்பார்கள், குற்றம் செய்தவனை என்ன செய்வார்கள் என்று விரிவாக எழுதிப் பார்த்தார்கள். அனார்க்கிசம் என்று ஐரோப்பியர் வழங்கும் அந்தக் கொள்கை குழப்பத்தை விரும்புவதன்று. அதிகாரத்துக்குப் பதிலாகப் பரஸ்பர ஒத்துழைப்பால் சமூகம் நடக்கக் கூடுமென்று நம்புவது. ஆகையால் இங்கே அதனை அரசின்மைக் கொள்கை என்றே குறிப்பிடுவேன். அந்த நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து வருபவனுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: அரசன் எழுந்து போன ஆசனத்தில் பிறகு யார் வந்து அமர்கிறார்?

இந்த மரபின் மூதாதையர்களை விரைவாகக் கடந்துவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ராபலே 1534-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட கதையில் தெலேம் என்றொரு மடம் வருகிறது. விருப்பம்போல் நடக்கலாமென்பது தவிர அங்கே வேறு விதி கிடையாது. ஆனால் அந்த மடத்தில் வாழும் சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் ஆடை தைக்கவும் நகை செய்யவும் தனியே ஆட்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. துறவு மடத்தை விட்டு ஓடிவந்த காப்ரியேல் த ஃபொய்ஞி என்பவர் 1676-இல் தென்திசைக் கண்டமொன்றைக் கற்பித்து, அங்கே அரசும் சொத்தும் இல்லாமல் வாழும் ஒரு ஜனத்தை வர்ணித்தார். அவர்களோ ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்த, ஆசாபாசங்களே அற்ற பிறவிகள். மனித சுபாவத்தையே கழற்றி வைத்துவிட்டால் அரசு வேண்டாமென்று சொல்லுவது பெரிய சாமர்த்தியமன்று. இலட்சிய உலகக் கதைகளின் சரித்திரத்தை எழுதி, 1949-இல் முப்பத்தொரு வயதிலேயே மாண்டுபோன மேரி லூயிஸ் பெர்னேரி என்னும் பெண்மணி, பிளேட்டோ முதல் அவ்வளவு பேரும் கட்டிய சொர்க்கங்களுள் பெரும்பாலானவை கட்டளைகளால் நிறைந்த சிறைகளே என்று குறைபட்டுக்கொண்டார். அவரது நூல் மறுவருஷம், 1950-இல்தான், வெளிவந்தது.

உண்மையில் இந்த வம்சத்தின் முதல் மகன் என்று சொல்லத்தக்கவர் ஜோசெஃப் தெஜாக் என்னும் பாரிஸ் நகரத்துச் சுவர்வர்ணத் தொழிலாளி. 1821-இல் பிறந்த அவர் வர்ணம் பூசியும் சுவர்களில் சித்திரக் காகிதம் ஒட்டியும் பிழைத்தவர். 1848-ஆம் ஆண்டுப் புரட்சியில் கலந்துகொண்டு சிறை கண்டார். 1851-இல் வெளியிட்ட கவிதைத் தொகுதிக்காக மறுபடியும் தண்டனை விதிக்கப்படவே, இலண்டனுக்கும் ஜெர்ஸித் தீவுக்கும் ஓடி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அடிமைச் சந்தைக்குப் பேர்போன நியூ ஆர்லியன்ஸ் நகரில், பகலெல்லாம் பிறர் வீட்டுச் சுவருக்கு அழகூட்டிவிட்டு, ‘மனித கோளம்’ என்று பொருள்படும் ‘லூமானிஸ்ஃபேர்’ என்னும் அரசின்மைக் கற்பனையை அவர் எழுதினார். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் காட்சியைத் தெருவில் கண்டுகொண்டே ஆண்டானுமில்லாத அடிமையுமில்லாத உலகத்தை எழுதியவனுடைய எழுத்தில் உஷ்ணம் மிகுந்திருப்பதில் ஆச்சரியமென்ன?

அச்சிட யாரும் முன்வராததால் தெஜாக் தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார். ‘லிபெர்த்தேர்’ என்று பெயரிட்டு, 1858 ஜூன் முதல் 1861 பிப்ரவரி வரை நியூயார்க்கில் பிரெஞ்சு மொழியில் அதை நடத்தினார். மொத்தம் வெளிவந்தவை இருபத்தேழே இதழ்கள். அந்தப் பெயர்ச் சொல்லும் அவர் வார்த்தெடுத்ததே. அரசின்மைக் கொள்கையின் தந்தை என்று போற்றப்பட்டும் பெண்களின் உரிமை விஷயத்தில் பழமை பேசிய புரூதோனுக்கு 1857-இல் காரசாரமாகக் கண்டனக் கடிதம் எழுதியபோது, பாதி வழியில் நின்றுவிடாத சுதந்திரவாதியைக் குறிக்க அச்சொல்லை முதலில் கையாண்டார். தெஜாக்கின் கற்பனை 2858-ஆம் ஆண்டில் நடைபெறுகிறது, அதாவது பத்திரிகை தொடங்கியதற்குச் சரியாக ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின். கடினமான வேலைகளை யந்திரங்கள் ஏற்கின்றன. மனிதர்கள் மனத்துக்குப் பிடித்த வேலையை மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். பெரிய கூடங்களில் கூடி எவரும் எதையும் பேசலாம், ஆனால் ஒருவர் தீர்மானத்தை மற்றவர் தலையில் சுமத்துவதில்லை.

கதையென்று சொல்லும்படி அதில் அதிகமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பாத்திரங்கள் இல்லை, சிக்கலில்லை, பிரசங்கம் நிரம்ப உண்டு. தெஜாக் 1861-இல் பாரிசுக்குத் திரும்பி, வறுமையிலும் சித்தப் பிரமையிலும் சில ஆண்டுகளில் இறந்துபோனார். அவருடைய கற்பனை புத்தக வடிவம் பெற்றது 1899-இல், பிரஸ்ஸல்ஸ் நகரில். அதுவும், வன்முறை தொனிக்கும் பகுதிகள் நீக்கப்பட்டு. யாரும் யாரையும் தணிக்கை செய்யாத உலகத்தைப் பாடிய நூலை அவருடைய தோழர்களே தணிக்கை செய்து பதிப்பித்தார்கள் என்பது வாய்விட்டுச் சிரிக்கத்தக்க விஷயந்தான். ஆசனம் காலியாக இருந்தாலும் அதில் அமர விரும்புவோர் அருகிலேயே நிற்கிறார்கள்.

அடுத்து வருகிறவர் ஆங்கிலேயப் பெருங்கலைஞர், வில்லியம் மாரிஸ். அவரை எழுதத் தூண்டியது அன்பன்று, எரிச்சல். 1888-இல் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி ‘பின்னோக்கிப் பார்த்தல்’ என்னும் நாவலை வெளியிட்டு லட்சக்கணக்கான வாசகரைக் கவர்ந்தார். அதில் 1887-இல் உறங்கிய பாஸ்டன் நகரத்து இளைஞன் 2000-ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான்; தேசம் முழுவதும் ஒரே பெரிய கம்பெனியாக மாறியிருக்கிறது; இருபத்தொரு வயது முதல் நாற்பத்தைந்து வயது வரையில் எல்லோரும் தொழிற்படையில் சிப்பாய்களைப்போல் சேவை செய்கிறார்கள். பசியில்லை, போட்டியில்லை, ஆனால் படையணியும் அதிகாரியும் உண்டு. இதைப் படித்த மாரிஸுக்கு அது சொர்க்கமாகத் தோன்றவில்லை, நன்றாக நிர்வகிக்கப்பட்ட கொட்டடியாகத் தோன்றியது. சோஷலிஸ்ட் லீக் என்னும் சங்கத்தின் ‘காமன்வீல்’ பத்திரிகையில் அதை மறுத்து மதிப்புரை எழுதினார். அதுவும் போதாதென்று, 1890 ஜனவரி முதல் அக்டோபர் வரை அதே பத்திரிகையில் ‘எங்குமில்லா ஊரிலிருந்து செய்திகள்’ என்று பொருள்படும் தொடர்கதையை வாரந்தோறும் எழுதி வந்தார்.

மாரிஸின் கதாநாயகனும் தூங்கித்தான் எழுகிறான். அந்த நாட்களில் வருங்காலத்துக்குப் போக வேறு வாகனம் அதிகமில்லை. தேம்ஸ் நதிக்கரையில் ஹாமர்ஸ்மித் என்னுமிடத்தில் படகேறியவன், இறங்கும்போது சட்டைப்பையில் கைவிட்டுக் கூலி கொடுக்க முயலுகிறான். படகுக்காரனுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கடையில் குழந்தைகள் இருவர் அவனுக்கு அழகிய வேலைப்பாடுள்ள புகைக்குழாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, விலை கேட்காமல் நிற்கிறார்கள். ஆங்கிலேயரின் பெருமைக்கெல்லாம் கொடிமரமாக நின்ற பாராளுமன்றக் கட்டடமோ, எருக் குவித்து வைக்கும் கிடங்காக உபயோகப்படுகிறது. அரசியலைப்பற்றிய அத்தியாயம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. எங்களிடம் அது கிடையாது என்று சொல்லிவிட்டு, விருந்தாளிக்கு அந்த உலகத்தை விளக்கிவரும் கிழவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த அத்தியாயத்தை ஒரு ஹாஸ்யம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அது அந்த நூலின் துணிவு என்று படுகிறது.

அந்த உலகத்தில் குற்றமே இல்லையென்று மாரிஸ் பசப்பவில்லை. நதிப் பயணத்தின்போது ஒரு கொலையைப்பற்றிய பேச்சு வருகிறது: ஒரு பெண்ணைக் காதலித்த இருவரில், பொறாமை கொண்ட ஒருவன் மற்றவனைத் தாக்க, தாக்கப்பட்டவன் தற்காப்பில் அவனைக் கொன்றுவிடுகிறான். போலீசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, தூக்குமரமும் இல்லை. கொன்றவன் துயரத்தால் உயிரை விட்டுவிடுவானோ என்று அக்கம்பக்கத்தார் கவலைப்படுகிறார்கள். கொஞ்ச காலம் அவனைத் தனியே தூர இடத்தில் வசிக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறார்கள். தண்டிக்க ஆளில்லாத இடத்தில் குற்றவாளியின் மனச்சாட்சியும் ஊராரின் முகமும் தண்டனையை ஏற்றுக்கொள்ளும் என்பது மாரிஸின் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் மெய் என்பதை எண்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் சோதித்துப் பார்க்கப்போகிறார்.

மாரிஸின் கண் மறைந்த இடமும் ஒன்றுண்டு. அந்த ஆனந்த உலகத்திலும், காலைப் பலகாரம் பரிமாறுபவர்கள் பெண்களே. ஏனென்று விருந்தாளி கேட்டால், வீட்டை நடத்துவதில் பெண்களுக்கு இயல்பான மகிழ்ச்சியும் திறமையும் உண்டென்று கிழவர் பதில் சொல்லுகிறார். அரசனை ஒழித்து, பணத்தை ஒழித்து, பாராளுமன்றத்தை எருக்கிடங்காக்கியவருடைய பேனா, சமையலறை வாசலில் வந்ததும் தயங்கி நின்றுவிட்டது. வேலை நிறுத்தத்தை வர்ணிக்கும் புரட்சிக்காரர்கள் அந்த நாளில் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று எழுதுவது எந்த நாட்டிலும் அபூர்வமே.

மாரிஸ் தம்மை ஒருபோதும் அரசின்மைவாதி என்று சொல்லிக்கொண்டவரல்லர். அவருடைய கதை பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில் சோஷலிஸ்ட் லீக் அரசின்மைவாதிகளின் கைக்குப் போயிற்று. அவர் மனம் கசந்து நவம்பரில் அதிலிருந்து விலகினார். ஆனால் 1896-இல் அவர் இறந்தபோது, அரசின்மைக் கொள்கையின் மகா பண்டிதரான ரஷ்யப் பிரபு கிராபோட்கின், வருங்கால சமுதாயத்தைப்பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைப்போல ஆழ்ந்த அரசின்மை உணர்வு கொண்ட நூல் வேறில்லை என்று புகழ்ந்து எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மரபு மெலிந்தே ஓடுகிறது. 1914-இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் பியேர் கிருல் என்ற புனைபெயரில் அச்சுத் தொழிலாளி ஒருவர் ‘அமெரிக்க அரசின்மை நகரம்’ என்னும் நூலை வெளியிட்டார்; அந்தப் புனைபெயரே ‘உருளுங் கல்’ என்ற பொருளில் அமைந்த விளையாட்டு. 1923-இல் எச். ஜி. வெல்ஸ் ‘தேவரை யொத்த மனிதர்’ என்னும் நாவலில், மத்திய அரசாங்கமே இல்லாமல் கல்வி ஒன்றினால் மட்டுமே ஒழுங்கு பெற்ற உலகத்தைக் காட்டினார். அந்தக் கதையைக் கேலி செய்யப் புகுந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முயற்சியே 1932-இல் ‘பிரேவ் நியூ வோர்ல்ட்’ ஆக முடிந்தது. அதற்கு 1946-இல் எழுதிய முன்னுரையில், இப்போது எழுதுவதானால் கிராபோட்கின் வழிப்பட்ட கூட்டுறவுச் சமுதாயமொன்றையும் மூன்றாம் வழியாகக் காட்டியிருப்பேன் என்று அவர் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல் 1962-இல் ‘தீவு’ என்னும் நாவலில் ஓரளவு அப்படியே எழுதியும் காட்டினார். அந்தத் தீவை எண்ணெய்க் கம்பெனிக்கு விற்கத் துடிக்கும் இளவரசனுக்கு அவர் இட்ட பெயர் முருகன் என்பதைத் தமிழ் வாசகர்கள் சற்று மனஸ்தாபத்தோடுதான் படிக்கவேண்டியிருக்கிறது. நம்மிடையே பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ என்னும் சிறு நூலும் அரசனில்லாத, நாணயமில்லாத வருங்காலத்தைப் பேசுகிறது. அது நாவலன்று, ஆயினும் இந்த வரிசையைப்பற்றிப் பேசுகையில் அதை நினையாமல் இருக்கமுடியாது.

நமக்கு இதைவிட நெருக்கமான உறவு 1951-இல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எரிக் ஃப்ராங்க் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர், ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகையின் ஜூன் இதழில், பிறகு ஒருவருமில்லை என்ற கருத்துள்ள தலைப்பில் நெடுங்கதை ஒன்று எழுதினார். அதுவே விரிந்து 1962-இல் ‘மகா வெடிப்பு’ என்று பொருள்படும் நாவலின் கடைசிப் பகுதியாயிற்று. பூமியிலிருந்து ராஜதூதரும் சேனைத் தலைவர்களும் நிறைந்த பெரிய ஆகாயக் கப்பல், நானூறு ஆண்டுகளுக்கு முன் குடியேறி மறக்கப்பட்ட ஒரு கிரகத்தை மறுபடி தன் ஆட்சிக்குள் சேர்ப்பதற்காக வந்து இறங்குகிறது. உங்கள் தலைவர் யார் என்று தூதர் கேட்டால், ஊரார் விழிக்கிறார்கள். அதட்டினால் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கட்டளையிட்டால் மாட்டேன் என்று ஒரே சொல்லில் பதிலளிக்கிறார்கள். அந்த மக்களுக்குப் பெயர் காண்டுகள். தங்கள் பெயர் பூமியில் வாழ்ந்த காந்தி என்பவரிடமிருந்து வந்ததென்று அவர்களே சொல்லுகிறார்கள்.

அங்கே பணமில்லை; ‘ஆப்’ என்றொரு கடன் உண்டு. சாப்பாட்டுக்கடையில் உண்டவன், கடைக்காரனுக்கு ஒரு ‘ஆப்’ பட்டவனாகிறான். அதைக் கடைக்காரனுக்கே செய்தோ, கடைக்காரன் பட்டிருக்கும் வேறொருவனுக்குச் செய்தோ தீர்த்துக்கொள்ளுகிறான். கல்யாண வீட்டில் மொய் எழுதிப் பழகிய நமக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்கத் தேவையில்லை. மொய் நோட்டை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். வாங்கிக்கொண்டே போய்த் திருப்பிச் செய்யாத சோம்பேறி ஒருவனுடைய கதையையும் காண்டுகள் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்: அவனை யாரும் அடிக்கவில்லை, யாரும் சிறையிடவுமில்லை, ஊருக்கு ஊர் கதவு சாத்திக்கொண்டார்கள். கப்பலின் மாலுமிகள் ஊர் பார்க்கப் போய், ஒருவர் பின் ஒருவராகத் திரும்பாமல் தங்கிவிடுகிறார்கள். கைவசம் ஒரு மிதிவண்டி வைத்திருக்கும் ஹாரிசன் என்னும் பொறியாளன் அவர்களில் குறிப்பிடத்தக்கவன். கப்பலை ஓட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போய்விடுமே என்று பயந்து தூதர் புறப்பட்டுவிடுவதோடு கதை முடிகிறது.

காந்தியடிகள் 1916 பிப்ரவரியில் காசி இந்து சர்வகலாசாலையின் ஆரம்ப விழாவில், தாமும் ஒரு வகையில் அராஜகவாதியே என்று கூறி மேடையிலிருந்த மகாராஜாக்களைத் திடுக்கிடச் செய்தார். பிற்காலத்தில், ஒவ்வொருவரும் தன்னைத் தானே ஆளுவதால் ஆட்சியே தேவைப்படாத நிலையை அவர் இலட்சியமாகவும் எழுதினார். ரஸ்ஸலின் கதை அச்சேறிய 1951-ஆம் ஆண்டிலேதான், ஏப்ரல் 18-ஆம் தேதி, தெலங்கானத்துப் போச்சம்பள்ளியில் காந்தியடிகளின் சீடரான வினோபா பாவே முதல் பூதானத்தை, அதாவது நிலக்கொடையை, பெற்றார். ஒருவர் கால்நடையாகவும் மற்றவர் ஆகாயக் கப்பலிலும் போனார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் ரஸ்ஸலின் கதையை நான் முழு மனத்தோடு நம்புவதில்லை. மாட்டேன் என்று சொன்னவனைச் சுட்டுவிடுவோமென்று நினைக்கும் சேனை அங்கே வரவில்லை. வந்தது ஹாஸ்ய சேனை. தராசனா உப்பளத்தில் தடியடி பட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

1966-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய சந்திரலோகப் புரட்சிக் கதை இதைவிட ருசிகரமான ஒரு பதிலைத் தருகிறது. சந்திரன் அங்கே நாடு கடத்தப்பட்டோரின் குடியேற்றம். அவர்கள் சுரங்கங்களில் விளைவிக்கும் கோதுமை விசைப்பொறியால் எறியப்பட்டு இந்தியாவின் பசிக்கு அனுப்பப்படுகிறது, உலக சம்மேளனத்தின் தலைமை ஸ்தலமும் ஆக்ராவிலேயே இருக்கிறது. புரட்சியின் மூளையான பேராசிரியர் பெர்னார்டோ த லா பாஸ் தம்மை ‘பகுத்தறிவு அரசின்மைவாதி’ என்று அழைத்துக்கொள்ளுகிறார். ஆனால் புரட்சியை நடத்துவதோ, தன்னுணர்வு பெற்றுவிட்ட மைக் என்னும் கணிப்பொறி. டெலிபோனும் அதன் கையில், வாக்குச் சீட்டு எண்ணுவதும் அதன் கையில். தேர்தல் முடிவைக்கூட அதுவே வேண்டியபடி அமைத்துக் கொடுக்கிறது. ஆசனத்தில் அமர்ந்திருப்பது யாரென்று ஹைன்லைன் மறைக்காமல் சொல்லிவிட்டார். சொன்னதை அவர் உணர்ந்தாரா என்பது வேறு கேள்வி. விடுதலை பெற்ற சந்திரனில் வெகு சீக்கிரம் சட்டங்கள் பெருகத் தொடங்க, கதைசொல்லி வேறு இடத்துக்குக் குடிபோகலாமா என்று யோசிப்பதோடு நாவல் முடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை என்று கொள்ளத்தக்கவகையில், 1974-இல் ‘தி டிஸ்பொசெஸ்ட்’ என்னும் நாவல் வெளிவந்தது. அதை எழுதிய உர்சுலா லெ குவின் அம்மையார், மானிடவியல் அறிஞரான ஆல்ஃப்ரெட் க்ரோபரின் மகள். 1929-இல் கலிஃபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் பிறந்து, ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2018-இல் மறைந்தவர். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து ஊர்வலம் போன நாட்களில் கிராபோட்கினையும் அமெரிக்க அரசின்மைவாதியான பால் குட்மனையும் ஆழ்ந்து படித்தார்; லாவோ-ட்சுவின் தாவோ நூலிலோ இளமை முதலே ஈடுபாடுண்டு. முதலில் அதே விஷயத்தை ஒரு மோசமான சிறுகதையாகத் தாம் எழுதிப் பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். விஞ்ஞானக் கதைக்கு வழங்கப்படும் ஹியூகோ, நெபுலா இரு பரிசுகளும் அந்த நாவலுக்குக் கிடைத்தன.

உர்ராஸ் என்னும் செழிப்பான கிரகத்தைச் சுற்றிவரும் வறண்ட சந்திரன் அனாரெஸ். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன், ஓடோ என்னும் பெண்மணியின் போதனையைப் பின்பற்றியவர்கள் உர்ராஸில் கிளர்ச்சி செய்யவே, அவர்களுக்குச் சந்திரனைக் கொடுத்துவிட்டுத் தொல்லை தீர்ந்ததென்று ஆள்வோர் மூச்சுவிட்டார்கள். மாரிஸ் தம் மக்களுக்குத் தேம்ஸ் நதியையும் பழத்தோட்டங்களையும் கொடுத்தார். லெ குவின் தம் மக்களுக்குப் புழுதியையும் பஞ்சத்தையும் கொடுத்தார். இந்த ஒரே முடிவினால் அந்த நூல் தன் மூதாதையர் அனைவரையும் தாண்டிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். வயிறு நிறைந்தவன் பகிர்ந்து உண்பதில் அதிசயமில்லை. நான்கு ஆண்டுப் பஞ்சத்தில், யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் எழுதும் வேலை ஒருவன் தலையில் விழும்போது, அரசின்மைக் கொள்கை என்ன ஆகிறது? கதாநாயகனான ஷெவெக் என்னும் பௌதிக விஞ்ஞானிக்கு அந்த வேலை வந்து சேருகிறது. அதைச் செய்யமுடியாமல் அவன் விலகிவிடுகிறான். ஆனால் வேறு யாரோ அந்தப் பட்டியலை எழுதத்தான் செய்கிறார்கள்.

அனாரெஸ் மக்களின் பாஷை ப்ராவிக். ‘என்னுடையது’ என்று சொல்லுவது அதில் நாகரிகமன்று. குழந்தை ‘என் அம்மா’ என்று சொல்லாமல் ‘அம்மா’ என்று மட்டும் சொல்லப் பழகுகிறது. இங்கே தமிழ் வாசகனுக்கு ஒரு புன்னகை வரும். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன்கூட ‘எங்கள் அம்மா’, ‘எங்கள் வீடு’ என்று சொல்லுகிற மரபு நம்முடையது, அதனால் நம்மிடையே பாகப்பிரிவினை வழக்குகள் குறைந்துவிடவும் இல்லை. பாஷையை மாற்றினால் மனம் மாறுமென்ற நம்பிக்கையை லெ குவினும் முழுவதாக ஏற்கவில்லை. அனாரெஸில் பெயர் வைப்பது ஒரு கணிப்பொறி, வேலையைப் பட்டியலிடுவது ஓர் அலுவலகம். எவரும் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, கொடுத்த வேலையை மறுக்க எல்லோருக்கும் உரிமையுண்டு. ஆனால் மறுத்தவனைப் பார்க்கும் அக்கம்பக்கத்தாரின் பார்வை இருக்கிறதே, அது கோர்ட்டு உத்தரவைவிடக் கூர்மையானது.

மாரிஸ் நம்பிய அந்த ஊரார் முகத்தை லெ குவின் திருப்பிக் காட்டுகிறார். ஷெவெக்கின் விஞ்ஞான ஆராய்ச்சி அச்சேறவேண்டுமானால், சபுல் என்னும் மூத்த அறிஞரின் தயவு வேண்டும். அவருக்கு அதிகாரமென்று ஒன்றும் கிடையாது, அச்சுக்குப் போகும் வழியில் அவர் நிற்கிறார், அவ்வளவே. தயவின் விலையாகத் தம் பெயரையும் நூலில் சேர்த்துக்கொள்ளுகிறார். டிரின் என்னும் இளமைத் தோழன் ஒரு கேலி நாடகம் எழுதினான். அது பலருக்குப் பிடிக்கவில்லை. யாரும் அவனைத் தண்டிக்கவில்லை, ஆனால் அவனுக்கு நல்ல வேலைகள் வருவது நின்றது, கடைசியில் மனநோய் வைத்தியசாலையில் அவன் மனமுடைந்து கிடந்தான். அரசன் எழுந்து போன ஆசனத்தில் அமர்ந்திருப்பது அண்டை வீட்டாரின் அபிப்பிராயம் என்பதை, அந்தச் சமுதாயத்தை நேசித்த ஒருவரே வக்கீலைப்போல நிரூபித்துக் காட்டியிருக்கிறார். கிராமத்தில் ஊர்க்கட்டுப்பாட்டைக் கண்ட எவருக்கும் இதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் லெ குவின் கட்சி மாறிவிடவில்லை. அத்தியாயங்கள் ஒன்றுவிட்டொன்றாக உர்ராஸுக்கும் அனாரெஸுக்கும் மாறி மாறிச் செல்லுவதன் காரணம் அதுவே. உர்ராஸில் ஷெவெக்குக்கு மாளிகையும் மரியாதையும் கிடைக்கின்றன. அந்த மாளிகையின் பணியாளர் வாழும் தெருவைக் கண்டபின், ஹெலிகாப்டர்கள் ஊர்வலத்தின் மீது சுடுவதைக் கண்டபின், தன் வறண்ட சந்திரனின் அருமை அவனுக்கு விளங்குகிறது. வான்வெளியில் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் தாமதமின்றிப் பேச வழிசெய்யும் தன் கண்டுபிடிப்பை ஒரு தேசத்துக்கும் விற்காமல் எல்லா உலகங்களுக்கும் ஒருசேரக் கொடுத்துவிட்டு, போனபடியே வெறுங்கையோடு அவன் திரும்புகிறான். இறங்கும் இடத்தில் வரவேற்பா கல்லடியா என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. பரிபூரண உலகமன்று, ஐயத்துக்கிடமான இலட்சிய உலகம் என்று உபதலைப்பிலேயே அவர் எச்சரித்திருந்தார்.

அதற்குப் பின் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் லெ குவினுக்குப் பதில் சொல்லுகிறவர்களே. 1976-இல் சாமுவேல் டெலனி தம் ‘ட்ரைட்டன்’ நாவலுக்கு அவருடைய உபதலைப்பையே திருகி உபதலைப்பாக இட்டார். அதே ஆண்டில் மார்ஜ் பியர்ஸி, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்ட ஏழைப் பெண்ணொருத்தியை 2137-ஆம் ஆண்டின் சிற்றூருக்கு அழைத்துப் போனார். 1987 முதல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் பேங்க்ஸ் எழுதிய ‘கல்ச்சர்’ நாவல்களில் பணமும் சட்டமும் இல்லை, பஞ்சமும் இல்லை. எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் மகா யந்திர மனங்கள் உண்டு. ஹைன்லைனின் மைக் வளர்ந்து பெரியவனாகிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவற்றுள் ஒன்றைப் படிக்க விரும்பி எங்கே தொடங்குவது என்று கேட்கும் வாசகருக்கு, பெரிய நாவலை முதலில் எடுக்கவேண்டாமென்று சொல்லுவேன். அதே 1974-இல் லெ குவின் ‘புரட்சிக்கு முந்தின நாள்’ என்ற கருத்துள்ள தலைப்பில் எழுதிய சிறுகதை ஒன்றிருக்கிறது. சில பக்கங்களில் முடிந்துவிடும். அதில் வருவது ஓடோ. தன் பெயரால் ஓர் உலகமே எழப்போகிறது என்பதை அறியாமல், பக்கவாதத்தால் கையும் காலும் தளர்ந்து, இறந்துபோன கணவனை நினைத்துக்கொண்டு, தன்னைத் தெய்வமாக்கப் பார்க்கும் இளைஞர்களிடம் எரிந்து விழுந்துகொண்டு, அந்தக் கிழவி படியேறிப் போகிறாள்.